திருவையாற்றில் நழுவிய பலூன் எங்கே போயிருக்கும்?

ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பலூன் பற்றித்தான். ஆசிரியர் குழுவில் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பிவிட்டார்கள். வானிலை நிலையங்களில் முப்பத்தொரு வருஷம் பலூன் விட்டவன் நான். வேலையை விட்டு வந்து கொள்ளிடக் கரையில் உட்கார்ந்த பிறகும், வானத்தில் ஏதாவது ஏறினால் கண் தானாக அதன் பின்னால் போய்விடுகிறது. அதனால் இந்த மாதப் பகுதி முழுக்கப் பலூன்தான். மற்ற கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் என் பேரன் கையிலிருந்து கேஸ் பலூன் நழுவிவிட்டது. சாதாரண சிவப்பு ரப்பர் பலூன். கடலுக்குப் போயிருக்குமா, இலங்கைக்கே போயிருக்குமா என்று மூன்று நாளாகக் கேட்கிறான். என்ன சொல்வது?
*— ஒரு தாத்தா, கண்டியூர்*

கும்பகோணம் தாண்டி, ஆடுதுறைப் பக்கம் ஒரு குறுவை வயலில் விழுந்திருக்கும் என்று சொல்லுங்கள் ஐயா. ஊகம்தான், ஆனால் கணக்குப் போட்ட ஊகம். கணக்கைப் பேரனுக்கும் சொல்லிக் கொடுங்கள். அழுகை நின்றுவிடும்.

கடையில் 11 அங்குலம் என்று விற்கிற ரப்பர் பலூனில் சுமார் 14 லிட்டர் வாயு பிடிக்கும். ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய 1 கிராம் எடையைத் தூக்கும். ஆக 14 கிராம். அதில் ரப்பரே 3 கிராம், நூல் ஒரு கிராம் என்று வையுங்கள். மிச்சமுள்ள 10 கிராம் இழுவையில்தான் பலூன் மேலே ஏறுகிறது. விநாடிக்கு 2 மீட்டர் வேகம் வரும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தை அரை நிமிஷம் சொச்சத்தில் தாண்டிவிடும்.

மேலே போகப் போகச் சுற்றிலும் காற்றின் அழுத்தம் குறையும். ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் இங்கே இருப்பதில் பாதிதான். வெளியிலிருந்து அமுக்குவது குறையக் குறைய உள்ளே இருக்கும் வாயு விரியும், ரப்பர் இழுபடும். எட்டு, ஒன்பது கிலோமீட்டர் போனதும் குளிர் மைனஸ் 20, 30 டிகிரி ஆகிவிடும். அதற்கு மேல் ரப்பரால் தாங்க முடியாது. நாராகக் கிழிந்து வெடித்துவிடும். கை நழுவியதிலிருந்து வெடிக்கும் வரை சுமாராக ஒண்ணேகால் மணி நேரம்.

இந்த ஒண்ணேகால் மணி நேரத்தில் காற்று அதை எவ்வளவு தூரம் தள்ளும்? பாதிப் பேர் இங்கேதான் கணக்கைத் தப்பவிடுகிறார்கள். நம் தலைக்கு மேல் இருப்பது ஒரே காற்று இல்லை. மாடி மாடியாக இருக்கிறது, ஒவ்வொரு மாடியிலும் வேறு திசை, வேறு வேகம். ஆடியில் கீழ் மாடியில் அடிப்பது மேல்காற்று. மேற்கிலிருந்து வந்து எல்லாவற்றையும் கடல் பக்கம் தள்ளுகிறது. தரையை விட ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அது இன்னும் பலமாக இருக்கும், மணிக்கு 40, 50 கிலோமீட்டர்கூடப் போகும். ஆறு கிலோமீட்டர் உயரம் வரும்போது ஓய்ந்துவிடும். அதற்கு மேல் திசையே மாறிக் கிழக்கிலிருந்து மேற்காக அடிக்க ஆரம்பிக்கும். ஆக உங்கள் பேரனின் பலூன் முதல் முக்கால் மணி நேரத்தில் கிழக்கே முப்பது கிலோமீட்டர் போயிருக்கும், அது கும்பகோணம். அப்புறம் அந்தரத்தில் தத்தளித்துக் கொஞ்சம் பின்வாங்கி வெடித்திருக்கும். கிழிந்த ரப்பர் மெதுவாக இறங்கும்போது மறுபடி மேல்காற்று பிடித்து இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும்.

இலங்கைக்கு வாய்ப்பில்லை. இதே பலூன் தை மாதத்தில் நழுவியிருந்தால், அப்போது வீசுவது வாடையும் கொண்டலும் கலந்த காற்று, கந்தர்வகோட்டைப் பக்கம் தேட வேண்டியிருக்கும்.

பிறந்தநாள் கடையில் பளபளவென்று தாள் மாதிரி ஒரு பலூன் விற்கிறார்கள். ரப்பர் பலூன் மறுநாளே சுருங்கிவிடுகிறது, இது பத்து நாளானாலும் கூரையை ஒட்டியே நிற்கிறது. எந்த பலூன் அதிக தூரம் போகும்? உள்ளே இருக்கும் கேஸில் வித்தியாசமா?
*— கல்லூரி மாணவர், மன்னார்குடி*

கேஸில் இல்லை தம்பி, தோலில்தான் வித்தியாசம். கேஸ் பலூனில் ஹீலியமோ ஹைட்ரஜனோ இருக்கும். ஹைட்ரஜன் ஹீலியத்தை விட லேசானது என்பது சரி. ஆனால் தூக்கும் சக்தியில் அது எட்டு சதவீதம் போலத்தான் கூடுதல். ரப்பருக்கு நம் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஹீலியம் அதன் வழியே கசிந்துகொண்டே இருக்கும், பன்னிரண்டு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் பலூன் தரைக்கு வந்துவிடும். நீங்கள் சொல்லும் பளபளப்பு பலூன் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியப் பூச்சு பூசியது. கசிவு மிகக் குறைவு, அதனால் வாரக் கணக்கில் நிற்கும்.

ரப்பருக்கும் இதற்கும் இன்னொரு பெரிய வித்தியாசம், இந்தத் தோல் விரியாது. கடையில் கெட்டியாக ஊதியதை அப்படியே விட்டால் கொஞ்ச உயரத்திலேயே தையல் விட்டுப் போகும். அதையே பாதிக்கும் குறைவாக, தொளதொளவென்று நிரப்பிவிட்டால் என்ன ஆகும்? மேலே போகப் போக உள்ளே இருப்பது விரிந்து பலூன் நிறையும். நிறைந்த பிறகு அதற்கு மேல் பெரிதாகாது, அதனால் மேலே ஏறவும் முடியாது. அந்த உயரத்திலேயே மிதந்துகொண்டு காற்றோடு போகும். வேடிக்கைக்கு வானொலி நடத்தும் ஹாம் ஆர்வலர்கள் செய்வது இதைத்தான். பத்துப் பதினைந்து கிராம் எடையில் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர், தாள் போன்ற சோலார் துண்டு, இரண்டையும் இப்படி ஒரு பலூனில் கட்டி விடுகிறார்கள். சூரியன் பட்டால் அது எங்கே இருக்கிறது என்று தானே சொல்லும். இப்படி விட்ட பலூன்கள் உலகத்தையே பல தடவை சுற்றி வந்திருக்கின்றன. பிறந்தநாள் பலூன் அளவுள்ள ஒரு பொருள் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் கடக்கிறது என்றால், அது மேலே மேலே போகாமல் ஒரு மாடியில் நின்றதால்தான்.

ஒன்று மட்டும் கவனம். அந்த அலுமினியப் பூச்சில் மின்சாரம் பாயும். தெருவில் போகிற மின் கம்பியில் பட்டால் ஷார்ட் ஆகும். வாசலில் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கோயில் திருவிழாவில் விற்கும் கேஸ் பலூன் பற்றி. ஹீலியம் விலை அதிகம், அதனால் சிலர் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் சிலிண்டரில் போட்டு அங்கேயே ஹைட்ரஜன் தயாரிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். ஒரு தேர்த் திருவிழாவில் என் கண் முன்னால் பீடி நெருப்புப் பட்டு ஒரு பலூன் கொத்தே பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பெண் குழந்தையின் புருவமும் முன்முடியும் கருகிவிட்டன. நல்லவேளை, கண் தப்பியது. அந்த வியாபாரியும் பாவம், கையெல்லாம் கொப்புளம். ஹைட்ரஜனோடு முப்பது வருஷம் வேலை செய்தவன் சொல்கிறேன், பலூன் வாங்கினால் சிலிண்டர் இருக்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள்.

எங்கள் வயலில் பனைமரத்தில் ஒரு ஆரஞ்சுத் துணி, நீள நூல், அதன் நுனியில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. பெட்டியிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. வெடிகுண்டு என்று பயந்து நடவுக்கு வந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். போலீஸ் வந்து ஒன்றுமில்லை என்று எடுத்துப் போனார்கள். அது என்ன?
*— விவசாயி அம்மா, அம்மாபேட்டை*

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அது ரேடியோசோன்ட். வானிலை பலூனில் கட்டி அனுப்பும் கருவி. நூற்றுக்கு தொண்ணூறு அது காரைக்காலிலிருந்து வந்தது.

காரைக்காலில் வானிலைத் துறையின் நிலையம் இருக்கிறது. உலகம் முழுக்க ஏறக்குறைய 900 இடங்களில் ஒரே நேரத்தில் இப்படிப் பலூன் ஏறுகிறது. நம் கடிகாரத்தில் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்ற நேரத்தை ஒட்டி. நான் வேலை பார்த்த இடங்களிலும் அதே நேரம்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பலூன் ஷெட்டுக்குப் போவேன். பலூனைப் பெட்டியிலிருந்து எடுத்தால் முகப் பவுடர் வாசனை அடிக்கும், ரப்பர் ஒட்டாமல் இருக்க மாவு போட்டிருப்பார்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், கையில் மோதிரம் இருக்கக் கூடாது. சின்னக் கீறல் பட்டாலும் முப்பது கிலோமீட்டர் போக வேண்டியது பத்தில் வெடித்துவிடும். கழுத்தில் குழாயைச் செருகி ஹைட்ரஜனைத் திறந்தால், தரையில் தோல் மாதிரி சுருண்டு கிடந்தது மெல்ல எழுந்து, வயிறு உப்பி, ஆளை விட உயரமாக நிற்கும். கழுத்தை நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி, மடித்து, மறுபடி கட்டுவேன். அந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் போடுவேன்.

பலூன், கீழே பாராசூட், அதற்கும் கீழே நூலில் கருவி. உங்கள் பனைமரத்தில் தொங்கிய ஆரஞ்சுத் துணிதான் பாராசூட். கருவி வெப்பம், ஈரப்பதம், அழுத்தம், காற்று எல்லாவற்றையும் போகிற வழியெல்லாம் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். பலூன் நிமிஷத்துக்கு 300 மீட்டர் ஏறும். முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில், கீழே இருந்ததைப் போல நாலைந்து மடங்கு அகலமாக விரிந்து வெடிக்கும். போகிற வழியில் பதினேழு கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 80 டிகிரி வரை பார்த்துவிட்டுத்தான் போகும். இவ்வளவு வெயில் காயும் நம் டெல்டாவுக்கு நேர் மேலே அவ்வளவு குளிர்!

சரி, காரைக்காலில் விட்டது அம்மாபேட்டைக்கு எப்படி வந்தது? ஆடிக்காற்று கடல் பக்கம்தானே தள்ளும் என்று நீங்கள் கேட்கலாம். முதல் இருபது நிமிஷம் அப்படித்தான், கடல் மேல் போகும். திருவையாற்றுப் பலூன் எட்டிக்கூடப் பார்க்காத மாடிகளுக்கு இது ஏறுகிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். இதை உலகத்துக்கு விளக்கிச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம், 1958-ல். அந்த ஆற்றில் பலூன் மாட்டினால் கடலிலிருந்து அப்படியே திரும்பி, மயிலாடுதுறை, கும்பகோணம் எல்லாம் தாண்டி உங்கள் பனைமரம் வரை வந்துவிடும். மற்ற மாதங்களில் வேறு கணக்கு. பொதுவாக இந்த வகைப் பலூன் இரண்டு மணி நேர ஆயுளில் சில பத்து கிலோமீட்டரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் வரை போகும்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடக்கும் என்று முன்கூட்டிச் சொன்னார்களே, அந்த மாதிரிக் கணிப்புக்குள் போகிற தகவல்களில் இந்தப் பெட்டி சொல்வதும் ஒன்று. அதனால் இனிமேல் பார்த்தால் பயப்பட வேண்டாம். பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நூல் மட்டும் ஆடு மாடு வாயில் போகாமல் சுருட்டிவிடுங்கள்.

பயந்தவர்களையும் குறை சொல்லாதீர்கள். 1783 ஆகஸ்ட் 27 அன்று பாரீஸில் ழாக் சார்ல் என்பவர் முதல் ஹைட்ரஜன் பலூனை ஆள் இல்லாமல் விட்டார். முக்கால் மணி நேரத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளி கோனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியது. அங்கே இருந்த விவசாயிகளும் பயந்துபோய் வைக்கோல் அள்ளும் கவையால் குத்திக் கிழித்துவிட்டார்கள். உங்கள் ஆட்கள் ஓடியதோடு விட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் காகித பலூனில் குண்டு கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள் என்று ஒருவர் டீக்கடையில் சொன்னார். காகிதம் எப்படிக் கடல் தாண்டும்? கதைதானே?
*— வாசகர், பாபநாசம்*

உண்மைதான். 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை சுமார் 9,300 பலூன் விட்டார்கள். பத்து மீட்டர் விட்டம், உள்ளே ஹைட்ரஜன். தோல் மல்பெரி மரப் பட்டையில் செய்த காகிதம். அதை அடுக்கடுக்காக ஒட்ட அவர்கள் பயன்படுத்திய பசைதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். கொன்யாக்கு என்ற கிழங்கின் மாவு. அந்தச் செடி நம் சேனைக்கிழங்குக்கு ஒரே இனத்துச் சொந்தம். வெந்த சேனையைப் பிசைந்தால் விரலில் ஒட்டும் அந்த வழவழப்பை நினைத்துக்கொள்ளுங்கள், இது அதை விடப் பல மடங்கு. ரப்பரை விட இது நன்றாக வாயுவைப் பிடித்து வைத்தது. பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளை உட்கார வைத்து ஒட்டச் சொன்னார்கள்.

குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடும். அந்த மாடியிலேயே மூன்று நாள் நிற்க வைத்தால் அமெரிக்கா வந்துவிடும். ஆனால் ராத்திரிக் குளிரில் வாயு சுருங்கிப் பலூன் இறங்கும், பகலில் வெயிலில் விரிந்து ஏறும். இதற்கு அவர்கள் கண்ட வழி மணல் மூட்டை. இறங்கினால் கருவி தானாக ஒரு மூட்டையை அவிழ்த்துவிடும், ரொம்ப ஏறினால் வால்வு திறந்து கொஞ்சம் வாயு போகும். இப்படி ஏறி இறங்கி சுமார் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் பசிபிக்கைக் கடந்தன. அமெரிக்கர்கள் விழுந்த மூட்டையிலிருந்த மணலை எடுத்து, அதிலிருந்த நுண்ணிய சிப்பிகளைப் பார்த்து, ஜப்பானில் எந்தக் கடற்கரை மணல் என்று தேடினார்கள். மண்ணைத் தொட்டு ஊர் சொல்லும் விவசாயிக்கு இது புரியும்.

போய்ச் சேர்ந்ததாகத் தெரிய வந்தவை முந்நூறு சொச்சம்தான். 1945 மே 5 அன்று ஆரிகன் மாநிலத்தில் காட்டுக்குப் போயிருந்த ஐந்து பிள்ளைகளும் ஒரு கர்ப்பிணியும், கீழே கிடந்ததைத் தொட்டு இறந்துபோனார்கள். பலூன் எவ்வளவு தூரம் போகும் என்ற என் கணக்கு நோட்டில் இந்த வரியை மட்டும் என்னால் சந்தோஷமாக எழுத முடிந்ததில்லை.

பலூனில் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து அந்தமான் போக முடியுமா?
*— பத்தாம் வகுப்பு மாணவி, கீழ்வேளூர்*

பொள்ளாச்சியில் பொங்கல் சமயத்தில் பறக்கும் வெப்பக்காற்று பலூனில் முடியாது கண்ணு. அது சமையல் கேஸ் மாதிரி ஒரு எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கி மேலே போவது. சிலிண்டர் தீர்ந்தால் இறங்க வேண்டியதுதான். ஒரு மணி நேரம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர், அவ்வளவுதான் சாதாரணச் சவாரி. இதிலும் சாதனை உண்டு. 2005 நவம்பர் 26 அன்று விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து வெப்பக்காற்று பலூனில் 21,027 மீட்டர் உயரம் போனார். அது உயரம், தூரம் வேறு.

தூரத்துக்கு வாயு பலூன் வேண்டும். 2015 ஜனவரியில் இரண்டு பேர் ஹீலியம் பலூனில் ஜப்பானின் சாகாவில் ஏறி, ஆறரை நாளுக்கும் மேல் கூடையிலேயே இருந்து, மெக்சிகோ கரையோரம் இறங்கினார்கள். 10,700 கிலோமீட்டர் சொச்சம். ஹீலியமும் சூடான காற்றும் இரண்டும் உள்ள பலூனுக்கு ரோசியே என்று பெயர். 1783-ல் முதன்முதலாக பலூனில் பறந்த இருவரில் ஒருவர் பிலாத்ர் த ரோசியே. 1785-ல் இந்த இரட்டை முறையில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கப் பார்த்து உயிரை விட்டார், அவர் பெயர்தான். பகலில் சூரியனே ஹீலியத்தைச் சூடாக்கும், ராத்திரி பர்னரைக் கொஞ்சம் எரித்தால் போதும். மணல் மூட்டை கொட்ட வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. அந்த வகையில்தான் 1999 மார்ச்சில் பெர்ட்ராண்ட் பிக்கார், பிரையன் ஜோன்ஸ் இருவரும் சுவிட்சர்லாந்தில் ஏறி, எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி, இருபதாவது நாள் எகிப்துப் பாலைவனத்தில் இறங்கினார்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். 2016-ல் ரஷ்யர் ஃபெடோர் கொன்யுகோவ் தனி ஆளாகப் பதினோரு நாளில் சுற்றிவிட்டார்.

ஆக அந்தமான் தூரம் பெரிய விஷயமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் வரும். பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது, அதுதான் சிக்கல். திசை மாற்ற ஒரே வழி, ஏறி இறங்கி உனக்கு வேண்டிய காற்று வீசும் மாடியைப் பிடிப்பது. ஆள் இல்லாமல் இதைப் பிரமாதமாகச் செய்தது கூகுள் நிறுவனத்தாரின் லூன் திட்டம். இருபது கிலோமீட்டர் உயரத்தில் பலூன்கள், கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கும். ஒரு பலூன் 312 நாள் வானத்திலேயே இருந்தது. 2021-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள், எனக்கு வருத்தம். நீ பெரியவளாகி ஆடியில் மூன்று கிலோமீட்டர் உயர மேல்காற்றைப் பிடித்தால் அந்தமான் பக்கம் போகலாம். ஆனால் அங்கே ஒரு சின்னத் தீவில் இறங்குவதற்குள் காற்று உன்னை பர்மாவுக்குக் கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்யாண வீட்டில் காகிதக் கூண்டுக்குள் தீபம் ஏற்றி வானத்தில் விடுகிறார்களே, அது எவ்வளவு தூரம் போகும்?
*— வாசகி, பட்டுக்கோட்டை*

மெழுகு எரியும் ஐந்து, பத்து நிமிஷம்தான் அதற்கு உயிர். அதற்குள் காற்று இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். அணைந்த பிறகுதான் இறங்கும் என்று நம்பாதீர்கள். காற்றில் சாய்ந்தால் எரிந்துகொண்டே இறங்கும். நம் ஊரில் இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு வைக்கோல் போரோ கீற்றுக் கொட்டகையோ இல்லாத இடம் எது? நாங்களும் ராத்திரியில் காற்றை அளக்கும் சின்ன பலூனான பைலட் பலூன் விடும்போது, தியோடலைட் என்ற கோணம் அளக்கும் தொலைநோக்கியில் பார்க்கத் தெரிய வேண்டுமே என்று காகிதக் கூண்டில் மெழுகுவத்தி கட்டி விட்டதுண்டு. புள்ளியாகச் சின்னதாகிக்கொண்டே போகும் அந்த வெளிச்சம் ரொம்ப அழகு. ஆனாலும் வேண்டாம்.

எங்கள் பள்ளியில் சுதந்திர தினத்தன்று பிள்ளைகள் பெயர் எழுதிய அட்டையுடன் 300 மூவர்ண பலூன் விடப் போகிறோம். கண்டெடுத்தவர் கடிதம் போட வேண்டும். மிகத் தூரம் போக எப்படி நிரப்ப வேண்டும்?
*— ஆசிரியை, வேதாரண்யம் அருகே*

டீச்சர், கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு முழுத் தாள் 5 கிராம். நான் மேலே சொன்ன 10 கிராமில் பாதி அதற்கே போய்விடும், அதனால் அட்டை சின்னதாக இருக்க வேண்டும். கெட்டியாக நிரப்பினால் வேகமாக ஏறிச் சீக்கிரம் வெடிக்கும். மெல்ல ஏறும்படி நிரப்பினால்தான் தூரம் போகும்.

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன், விடாதீர்கள். உங்கள் ஊரில் ஆகஸ்ட் 15-ல் மேல்காற்று. முந்நூறும் உப்பளத்தைத் தாண்டிச் சில நிமிஷத்தில் கடல் மேல் போய்விடும். ஒரு கடிதம்கூட வராது. ரப்பர் இயற்கைப் பொருள்தான், ஆனால் மட்க மாதக் கணக்கு, சில சமயம் வருஷக் கணக்கும் ஆகும். தண்ணீரில் மிதக்கும் கிழிந்த பலூனும் வாலாகத் தொங்கும் நூலும் பார்ப்பதற்கு ஜெல்லிமீன் மாதிரியே இருக்கும். உங்கள் கரையில் தை, மாசியில் முட்டையிட வரும் பங்குனி ஆமை அதை இரை என்று விழுங்கும். குடலில் அடைத்துக்கொண்டு பட்டினியில் சாகும். வனத்துறையினர் முட்டையைச் சேகரித்து, பொரிக்க வைத்து, குஞ்சைக் கடலில் விடும் ஊரில் நாமே இதைச் செய்யலாமா? அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரத்தில் 1986 செப்டம்பர் 27 அன்று கிட்டத்தட்ட 15 லட்சம் பலூனை ஒரே நேரத்தில் விட்டார்கள். மழை மேகம் வந்து அவற்றை ஊர் மேலும் ஏரியிலும் தள்ளியது. அப்போது ஏரியில் காணாமல் போயிருந்த இரண்டு மீனவர்களைத் தேடப் போன படகுக்கு, தண்ணீரில் எது தலை, எது பலூன் என்று தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவதுதானே உங்கள் ஆசை? அதற்கு வேறு வழி சொல்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பள்ளி மைதானத்தில் மட்டமாக, மேல் பார்க்க வையுங்கள். சுற்றிலும் சாக்பீஸால் நாலு திசையும் எழுதுங்கள். சூரியன் கண்ணாடியில் விழாத நேரமாகப் பாருங்கள், சாயங்காலம் நல்லது. ஒவ்வொரு பிள்ளையாக அசையாமல் நின்று குனிந்து, கண்ணாடியில் மேகம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று குறிக்கட்டும். தாழ்வாக ஓடும் பஞ்சு மேகம் கிழக்கே போகும். வானம் கொஞ்சம் திறந்திருக்கும் நாளில் அதற்கும் மேலே, கோழி இறகு மாதிரி மெல்லிய வெள்ளை மேகம் மேற்கே போவது அதே கண்ணாடியில் தெரியும். அம்மாபேட்டைப் பனைமரத்துக்குப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்த காற்று அதுதான்.

ஆவணி பிறந்தும் ஒரு மாதம் வரை இந்த இரண்டு மாடியும் தெரியும். பிள்ளைகள் குறித்ததை எனக்கு அனுப்புங்கள், தேதியும் மணியும் மறக்காமல் போடச் சொல்லுங்கள்.